அண்ணியின் வளையல் டின்

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அண்ணி ஒரு பிஸ்கட் டின் கொண்டு வந்தாள். வட்ட வடிவில் பெரிய டின். மூடியில் ஒரு ரோஜாவும் இரண்டு பூனைக்குட்டிகளும் இருக்கும். செகந்திராபாத் ஸ்டேஷனில் வண்டியை விட்டு இறங்கும்போது சீர்வரிசைக் குத்துவிளக்கை அண்ணனிடமும் புடவைப் பெட்டியை அப்பாவிடமும் கொடுத்தவள், அந்த டின்னை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே நகை இருக்கும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அம்மா அதோடு நிற்காமல் ஆட்டோக்காரன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து, பால் பழம் கொடுத்து முடிந்த பிறகு பொறுக்க முடியாமல், "அதுல என்னம்மா வச்சிருக்க?" என்று கேட்டேவிட்டாள். அண்ணி மூடியைத் திறந்து காட்டினாள். விளிம்பு வரைக்கும் கண்ணாடி வளையல்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், பொன் பூச்சு உதிர்ந்தது, உதிராதது. அளவும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. "பிள்ளை பெத்தவங்க குடுத்தது, அத்தே" என்றாள் அண்ணி, ஏதோ பாட்டுப் போட்டியில் வாங்கிய கோப்பையைக் காட்டுகிறவள் மாதிரி.

அண்ணிக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். பிளஸ் டூ முடித்ததும் ஒன்றரை வருடம் ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பைப் படித்துவிட்டு, பக்கத்து ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள். தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, ஆபத்தில்லாத பிரசவங்களைத் தானே பார்ப்பது எல்லாம் அவள் வேலை. அந்தப் பக்கத்தில் வளைகாப்பன்று போட்ட வளையல்களைக் குழந்தை பிறந்ததும் பிரசவம் பார்த்தவளுக்கே கொடுத்துவிடுவது வழக்கம். ஒரு காலத்தில் மருத்துவச்சிக்குப் போனது, பின்னால் நர்ஸம்மாவுக்குப் போயிற்று. வேலை நேரத்தில் நர்ஸ் கையில் வளையல் இருக்கக்கூடாது. அதனால் போட்டுக்கொள்ளவும் முடியாது. தூக்கிப் போடவோ அவளுக்கு மனசு வரவில்லை. எனவே டின்னில் சேர்த்து வைத்தாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊராரு வலியையெல்லாம் டப்பாவுல போட்டுக் கொண்டாந்திருக்கா. வீட்டுக்குள்ள நக்கோ" என்று என்னிடம் முணுமுணுத்தாள். மூன்று தலைமுறையாக ரயில்வே பட்டறையை நம்பி ஹைதராபாத்தில் இருக்கிற ஆர்க்காட்டுக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் 'வேண்டாம்' என்பதைத் தமிழில் சொன்னால் அதற்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது, 'நக்கோ' என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. டின் பரண் மேல் ஏறியது.

அப்போது நான் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்த புதிது. நாங்கள் எல்லோரும் ஹப்சிகுடாவுக்குப் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே அண்ணி ஹப்சிகுடாவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை எல்லாம் செய்தாள். ஊசி போட்டாள், சலைன் ஏற்றினாள், நடுங்கி வருகிற கிழவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆனால் அங்கே அவளை 'ஹெல்பர்' என்று எழுதிக்கொண்டார்கள். அவள் படித்த படிப்புக்கு அந்த இடத்தில் ஸ்டாஃப் நர்ஸ் பதவி கிடையாது, அதற்கு ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளோமா வேண்டும், இல்லையென்றால் பி.எஸ்சி. வேண்டும், படித்த பிறகு இந்த மாநிலத்து நர்சிங் கவுன்சிலில் பதிவும் வேண்டும். அது நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. அண்ணியும் குறை சொல்லவில்லை. அவளுக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்று. அவள் போட்ட ஊசிக்குப் பதிவேட்டில் இன்னொரு சிஸ்டர் வந்து கையெழுத்துப் போடுவாள். "ஊருல நான் கையெழுத்துப் போட்டாத்தான் பிள்ளைக்கே பிறந்த நாள் உண்டு பாப்பா. இங்க என் கையெழுத்துக்கு ஒரு ஊசி கூட இல்ல" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒரு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள், ஜி.என்.எம். படிக்கப் போவதாகச் சாப்பிடும்போது சொன்னாள். மூன்று வருடத்துக்கு மேல் இழுக்கிற படிப்பு. மறுபடியும் சீருடை, மறுபடியும் வருகைப் பதிவு, பள்ளிக்கூடத்தை அப்போதுதான் விட்டு வந்த பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அண்ணன் உடனே சரி என்றான். அம்மா ரசத்தைப் பரிமாறிக்கொண்டே, "கைக்கு? இருக்கிற வேலைக்கு என்ன?" என்றாள். 'ஏன்' என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல். அப்பாதான் வழக்கை முடித்து வைத்தார். அவருக்கு உலகத்தில் எதையும் ரயிலாக மாற்றினால்தான் புரியும். "உன் பொண்ணு எக்ஸ்பிரஸ்ல போறா. நாலு வருஷம், நேரா போய் இறங்கிடுவா. இந்தப் பொண்ணு பாசஞ்சர். வழியில எல்லா ஸ்டேஷனும் நின்னு போவா. இறங்குற இடம் ஒண்ணுதானே, விடு" என்றார். அண்ணி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பாசஞ்சர்லதான் மாமா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வடை கிடைக்கும்" என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் வீடு ஒரு வார்டாக மாறிப்போயிற்று. கொடியில் என்னுடைய வெள்ளை கோட்டும் அண்ணியின் நீலக் கட்டம் போட்ட சீருடையும் பக்கத்தில் பக்கத்தில் காயும். இரண்டுக்கும் அம்மாதான் கஞ்சி போடுவாள். ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்டால், "பொண்ணு காலேஜ்ல படிக்கிறா, மருமக டிரெய்னிங் போறா" என்று பிரித்துத்தான் சொல்வாள். காலேஜ் என்ற சொல்லின் மேல் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை. எனக்கு அனாடமி, ஃபிசியாலஜியோடு உளவியல், புள்ளியியல், ஆங்கிலம் எல்லாம் வைத்திருந்தார்கள். முதல் வருடம் முழுக்க நோயாளியைவிட எலும்புக்கூட்டைத்தான் அதிகம் பார்த்திருந்தேன். அண்ணியை இரண்டாம் மாதமே வார்டில் இறக்கிவிட்டார்கள். நான் அவளுக்கு இதயத்தின் அறைகளைப் படம் போட்டு விளக்குவேன். அவள் எனக்குப் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் மூலை மடிப்பது எப்படி என்று காட்டுவாள். இரண்டு பேருக்கும் நோயாளி அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்துத் தலைக்கட்டுப் பழகுவோம். கட்டைப் பிரிக்காமலே அவன் பால் வாங்கப் போனதும், பால்கடைக்காரர் பதறிப்போய் வீட்டுக்கு விசாரிக்க வந்ததும் உண்டு. அந்தச் சமயம் அமெரிக்காவில் ஏதோ சரிந்து, அண்ணனைக் கம்பெனியில் வேலை எதுவும் கொடுக்காமல் 'பெஞ்ச்'சில் உட்கார வைத்திருந்தார்கள். அடுத்து வேலையே போகுமோ என்று அவன் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தான். அந்தப் பயத்தை மறக்கத்தான் எங்களுக்குத் தலையைக் கொடுத்தான் என்று பின்னால் சொன்னான்.

அண்ணி கடைசி வருடத்தில் இருக்கும்போது உண்டானாள். வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. அண்ணிக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டாள். அதனால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாயிற்று. பிரின்சிபால் மேடம் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். வருகைப் பதிவு குறையக்கூடாது, கடைசித் தேர்வையும் அதில் மகப்பேறு செய்முறையையும் தவறவிட்டால் குழந்தை பிறந்த பிறகு அடுத்த பேட்ச்சோடு சேர்ந்துதான் எழுதவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறாம் மாதம் முடிவதற்குள் தேர்வு வந்துவிடும். ஏழாம் மாதம் வளைகாப்பு. பிறகு நிம்மதியாகப் பிள்ளை பெறலாம். அம்மாவும் அதற்குத் தகுந்த மாதிரி நாள் பார்த்தாள். ஆனால் தேர்வு தள்ளிப்போயிற்று. ஏன் என்று யாருக்கும் தெரியாது, அந்த நாட்களில் தேர்வுகள் தள்ளிப்போவதற்குக் காரணம் யாரும் கேட்பதும் இல்லை. வளைகாப்பு குறித்த நாளிலேயே நடந்தது, எழுத்துத் தேர்வை அந்த வளையல்களோடு எழுதிவிட்டாள். மகப்பேறு செய்முறைத் தேர்வு எட்டாம் மாதத்தின் நடுவில் வந்து நின்றது.

அப்போது அண்ணியின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரைக்கும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். அம்மா தன் கையால் சந்தனம் பூசிப் போட்டவை. பிரசவ வலி வருகிற வரைக்கும் அவை கையை விட்டு இறங்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். செய்முறைத் தேர்வில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்பது நர்சிங் சட்டம். பிரின்சிபால் மேடம் தெலுங்கில், "எவரைனா சரே, காஜுலு தீயாலி" என்று சொல்லிவிட்டார். யாராக இருந்தாலும் சரி, வளையல் கழற்றியாக வேண்டும். அதிலும் தப்பு இல்லை. கை கழுவி, கையுறை போட்டு, புதிதாகப் பிறக்கிற ஒரு உயிரைப் பிடிக்கப் போகிறவளின் கையில் கண்ணாடி இருக்கலாமா? இன்றைக்குப் பாடம் நடத்துகிற நானே என் மாணவிகளை விடமாட்டேன்.

வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி சண்டை போடவில்லை. அவளுக்குச் சண்டை போட வராது. பரணிலிருந்து டின்னை இறக்கச் சொன்னாள். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். "இதெல்லாம் நான் என் கையால கழட்டுனது அத்தே. வலியில கட்டில்ல அடிச்சு உடைஞ்சா பிள்ளை மேல குத்திரும்னு முன்னாடியே எண்ணெய் போட்டுப் பைய கழட்டிருவேன். ஒண்ணாவது உடைஞ்சிருக்கான்னு பாருங்க. எல்லாவளும் நல்லபடியாப் பெத்தா" என்றாள். அம்மா டின்னுக்குள் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு, "அவங்களுக்கெல்லாம் வலி வந்தாச்சு. உனக்கு இன்னும் வரலயே" என்றாள். கண்ணாடி வளையலுக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு வாய் வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அண்ணனுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா அதை எங்களிடம் சொன்னதே இல்லை. குவார்ட்டர்ஸ் குழாயடியில் வாளி தூக்கும்போது வளைகாப்பு வளையல்கள் இரும்புக் கம்பியில் பட்டு உடைந்திருக்கின்றன. அடுத்த வாரமே குழந்தை பிறந்து, ஒரு பகல் மட்டும் இருந்துவிட்டுப் போய்விட்டது. "குறை மாசம்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரிதான். ஆனா எனக்கு அந்த வளையல் உடைஞ்ச சத்தம்தான் இப்பவும் காதுல இருக்குது" என்றாள். அண்ணி எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் பரீட்சைக்குப் போகல அத்தே. அடுத்த தடவ எழுதிக்கிடுதேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பால் கட்டிய மார்போடு, மறுபடி அந்த வகுப்பில் போய் உட்காருவது எவ்வளவு நடக்கிற காரியம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் குழந்தைக்காக ஒத்திப் போட்ட படிப்பு இரண்டாவது குழந்தையில் நின்றுபோன பெண்கள் அந்தக் காலனியிலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். அம்மா அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை காப்பி கலக்கிக்கொண்டே அம்மா தீர்ப்பை மாற்றினாள். "கையில இருந்து எறங்கத்தான் கூடாது. கை மாறலாம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "என் கையில போடு. நான் ஆசுபத்திரி வாசல்ல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். பரீட்சை முடிஞ்சதும் அவ கையில மறுபடி ஏத்திடலாம். நடுவுல தரையில வைக்கக்கூடாது, அவ்வளவுதான்." இப்படி ஒரு விதிவிலக்கு எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று அப்பா கேட்டார். "நான் சொல்றேன், போதாதா?" என்றாள் அம்மா. தான் வகுத்த சட்டத்தில் தானே ஓட்டை போடும்போது அம்மாவுக்கு நிகரான வக்கீல் கிடையாது.

தேர்வு அன்று நானும் போனேன். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் லேபர் வார்டுக்கு வெளியே நீளமான மர பெஞ்ச் ஒன்று இருந்தது. அண்ணிக்குக் கை நன்றாக வீங்கியிருந்தது. சோப்பு போட்டு இழுத்தால் உடைந்துவிடும் என்று பயம். நான் காலேஜிலிருந்து கையுறைகள் கொண்டுவந்திருந்தேன். அண்ணியின் கையில் கையுறையை மாட்டி, அதன் வாயை வளையல்களுக்கு அடியில் செருகி, ஒவ்வொன்றாக அதன் மேல் விரல் பக்கம் வழுக்கிக் கொண்டுவந்தோம். ரப்பர் மேல் வளையல் எண்ணெயில் விட்ட மாதிரி நகர்ந்தது. நான் கழற்றக் கழற்ற அம்மா கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒன்று கூடத் தரையைப் பார்க்கவில்லை. கடைசி வளையலும் கை மாறியதும் அண்ணி தன் வெறும் கைகளை ஒரு முறை பார்த்தாள், அம்மாவைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும். நரை விழுந்த ஒரு அம்மா, இரண்டு கையிலும் வளைகாப்பு வளையல்களை அடுக்கிக்கொண்டு, லேபர் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் வளையலைப் பார்ப்பார்கள், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள். ஒரு ஆயாம்மா நின்று, "க்யா அம்மா, இஸ் உமர் மே?" என்று கேட்டேவிட்டாள், இந்த வயதிலா என்று. அம்மா அசரவில்லை. "ஹவ், பேட்டா" என்று ஆமோதித்துத் தலையாட்டினாள். அதோடு நிற்காமல், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் லேபர் வார்டுக் கதவின் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் குலுக்கிவிட்டு வந்தாள். கலகலவென்று சத்தம். என்னம்மா இது என்று கையைப் பிடித்தேன். "வயித்துல இருக்கிற புள்ள இத்தினி நாளா இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு இருந்துச்சு. திடீர்னு நின்னா பயப்படும்" என்றாள்.

உள்ளே அண்ணிக்குத் தலைப் பிரசவக்காரி ஒருத்தியைக் கொடுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மேடம் சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். சத்தம் கேட்டு அவரே வெளியே வந்துவிட்டார். எனக்கு உயிர் போயிற்று. அம்மா எழுந்து நின்று, தன்னுடைய குவார்ட்டர்ஸ் தெலுங்கில், "மா கோடலு காஜுலம்மா" என்றாள். என் மருமகளின் வளையல், அம்மா என்று. மேடம் அந்தக் கைகளைப் பார்த்தார். உள்ளே திரும்பி, எட்டு மாத வயிற்றோடு குனிந்து நின்றுகொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார். உள்ளே போனார். போகும்போது கதவை முழுக்கச் சாத்தவில்லை. உள்பக்கத்துத் திரை மறைத்துக்கொண்டிருந்தது. சத்தம் போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி இருந்தது. அந்த மேடத்தின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அந்த இடைவெளி மறக்கவில்லை.

மத்தியானம் தாண்டி ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டது. அண்ணி வெளியே வரும்போது ஏப்ரன் முழுக்க நனைந்திருந்தது, முகம் பளபளவென்று இருந்தது. "பொம்பளப் பிள்ள. நல்லா அழுதுட்டு" என்றாள். தேர்வு எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அம்மா அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே குழந்தை உதைத்ததும் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவசர அவசரமாக வளையலைக் கழற்றப் போய், ஒரு சிவப்பு வளையல் அம்மாவின் கையிலேயே சட்டென்று உடைந்தது. ரத்தம் எட்டிப் பார்த்தது. அண்ணி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "உடையணும்னு இருந்தது என் கையிலயே உடைஞ்சிடுச்சி. போகட்டும்" என்றாள். அவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. அண்ணி அம்மாவின் கையைத் துடைத்துப் பிளாஸ்திரி போட்டாள். போடும்போது அழுதுகொண்டே இருந்தாள்.

அண்ணிக்கும் நாள் கணக்குத் தவறாமல் குழந்தை பிறந்தது, பெண். பிரசவம் பார்த்த சிஸ்டருக்கு அம்மாவே வளையல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேர்விலும் அண்ணி தேறிவிட்டாள். கவுன்சிலில் பதிவாகி எண் வந்த அன்று அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குக் கண்ணில் பட்டதில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். பால் கார்டில் கூட முழுப் பெயரையும் எழுதி, பின்னால் பதிவு பெற்ற நர்ஸ், மருத்துவச்சி என்பதற்கான ஆர்.என்., ஆர்.எம். எழுத்துக்களைச் சேர்த்தாள். பால்காரர் இது என்ன புது இனிஷியலா என்று கேட்டார். நான் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, வேறு இடத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். அண்ணி பாசஞ்சரில் வந்து அதே ஆஸ்பத்திரியில் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தாள். அவளுக்கு அங்கே என்னைவிட இரண்டு மாதம் சீனியாரிட்டி. அதை அவள் எனக்கு ஞாபகப்படுத்தாத நாள் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், ஜி.என்.எம். முடித்தவர்களுக்கென்று இருக்கிற இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யையும் படித்தாள். அந்தப் பட்டமளிப்பு முடிந்து வந்த அன்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "எங்க வீட்டுல ரெண்டு பேரும் காலேஜ்" என்றாள்.

நான் இப்போது ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அட்மிஷன் சமயத்தில் பெற்றோர்கள் வந்து, ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. இதில் எது உசத்தி என்று கேட்பார்கள். எதில் எத்தனை வருடம், எதற்கு என்ன வேலை, எதிலிருந்து எதற்கு மாறலாம் என்று ஒழுங்காகச் சொல்லி அனுப்புவேன். ஒன்றரை வருடமும் நான்கு வருடமும் ஒன்று என்று நான் பொய் சொல்வதில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கு அந்த மர பெஞ்ச் ஞாபகத்துக்கு வந்துவிடும். வழியில் யார் வளையலை யார் கையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதை எந்தப் பிராஸ்பெக்டஸில் போடுவது?

சில மாதங்களுக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். இப்போது நாங்கள் குகட்பள்ளியில் இருக்கிறோம். அண்ணி நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். அண்ணி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, நோயாளிக்குத் துணை இருக்கிற அட்டெண்டராகப் புடவையில் வந்திருந்தாள். ஆபரேஷனுக்குத் தயார் செய்ய வந்த சின்னப் பெண் அம்மாவின் வீங்கிய கையைப் பார்த்து, துணி சுற்றி வளையலை உடைத்துவிடலாமா மேடம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரு கிளவுஸ் எடுத்துட்டு வாம்மா" என்றாள் அண்ணி. அம்மாவின் கையில் மாட்டி, வாயைச் செருகி, ஒவ்வொன்றாக வழுக்கிக் கொண்டுவந்தாள். வந்ததை எல்லாம் தன் கையில் போட்டுக்கொண்டாள். உத்தியோகம் இத்தனை வருடமாக வெறுமையாகவே வைத்திருந்த கைகள் அவை. எனக்கு அவை யாரோ வேறு ஒருத்தியின் கைகள் மாதிரி இருந்தன.

தியேட்டர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி உட்காரவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக் கதவுப் பக்கம் போய் இரண்டு கையையும் குலுக்கிவிட்டு வந்தாள். எதிரே வந்த டாக்டர்கள் சூப்பரின்டென்டென்ட் மேடத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்கள். தியேட்டர் ரொம்ப உள்ளே அண்ணி, கேட்காது என்றேன். "கேக்கும். நீ சும்மா இரி" என்றாள்.

அம்மாவை வெளியே கொண்டுவந்தபோது விழித்துத்தான் இருந்தாள். நாக்கு மட்டும் கொஞ்சம் குழறியது. அண்ணியின் கையைத்தான் முதலில் பார்த்தாள். "உடைஞ்சுதா?" என்றாள். "இல்ல அத்தே. எல்லாம் முழுசா இருக்கு" என்று அண்ணி ஒரு வளையலைக் கழற்றி அம்மாவின் விரல்களில் ஏற்றப் போனாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"நக்கோ," என்றாள். "பாத்தவளுக்குத்தானே வளையல். டின்னுல போடு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான்தான் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து டின்னை இறக்கினேன். மூடியில் பூனைக்குட்டிகள் துருவில் போய்விட்டன. ரோஜா மட்டும் பாதி தெரிகிறது. அண்ணி தரையில் உட்கார்ந்து அம்மாவின் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெயர் கூடத் தெரியாத அந்தப் பெண்களின் வளையல்களுக்கு மேலே வைத்தாள். டின் ஏற்கெனவே நிறைந்திருந்தது. மூடி இப்போது மூடுவதில்லை. அப்படியேதான் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.